அத்தி மரத்துக் குரல்

ஒரு காட்டில், வெகு காலத்துக்கு முன்பு, ஒரு மரம் விழுந்தது. அது விழுந்த சத்தத்தைக் கருமுகி என்ற மந்தி கடைசிவரை மறக்கவில்லை.

முதலில் மண்ணுக்குள் ஏதோ முனகியது. பிறகு வேர்கள் ஒவ்வொன்றாக அறுந்தன, யாரோ ஈரத் துணியை நிதானமாகக் கிழிப்பதுபோல. பிறகு சற்று நேரம் ஒன்றுமே இல்லை. பெய்துகொண்டிருந்த மழைகூட மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல் இருந்தது. அதற்கும் பிறகுதான் அந்தப் பெரிய சத்தம். மழை விட்டதும் எல்லாரும் போய்ப் பார்த்தார்கள். மருத மரம் நின்ற இடத்தில் வானம் இருந்தது.

அந்த இடத்தைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், குழந்தைகளே. நடுவில் ஒரு புல்வெளி. அதற்கு ஒரு பக்கம் பாறைகள், இடுக்கும் புதருமாக. சிறுத்தை அங்கேதான் குடியிருந்தது. எதிர்ப்பக்கம் ஓர் ஓடை. ஓடையைத் தாண்டினால் அடர்ந்த மூங்கில் காடு. அதற்குள் நுழைந்துவிட்டால் சிறுத்தையின் பாய்ச்சல் பலிக்காது. மருத மரம் நின்றது பாறைப் பக்கம்.

அந்த மரத்தின் உச்சியில் கருமுகி உட்கார்ந்திருப்பாள். கீழே புள்ளிமான்கள் மேயும். மந்திகள் கொழுந்தைப் பறித்துப் பாதி தின்று பாதி கீழே போடும். மான்கள் அதைப் பொறுக்கித் தின்னும். பாறை இடுக்கில் மஞ்சளாக ஏதாவது அசைந்தால் கருமுகி இருமுவதுபோல் கத்துவாள்.

"கஃக்! கஃக்!"

உடனே மான்கள் திரும்பி ஓடை தாண்டி மூங்கிலுக்குள் போய்விடும்.

மான்களிடம் இதற்கு ஒரு சட்டமே இருந்தது. குட்டி புல்லைக் கடிக்கப் பழகும் முன்பே தாய் அதைச் சொல்லிக்கொடுத்துவிடும்: "குரல் எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கத்துக்கு முதுகைக் காட்டு. காலை எடு. கேள்வி எல்லாம் அப்புறம்."

நல்ல சட்டம்தான். அதனால் பிழைத்த மான்கள் ஏராளம். சிறுத்தை பல நாள் எலியைத் தின்றுவிட்டுப் படுத்தது.

மருத மரம் விழுந்ததும் மந்திகளுக்கு வேறு இடம் வேண்டியிருந்தது. பாறைப் பக்கம் மிஞ்சியது ஒரே ஒரு வேல மரம். குட்டை மரம், உடம்பெல்லாம் முள். ஓடைக் கரையிலோ ஓர் அத்தி மரம் ஓங்கி நின்றது. அடியிலிருந்து கிளை வரை கொத்துக் கொத்தாகப் பழம்.

"இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்றான் கடுவன், மந்திக் கூட்டத்தின் தலைவன். சாப்பாட்டைத் தவிர எதையும் அவன் யோசித்ததில்லை. அப்போதே அவன் வாயில் இரண்டு பழம் இருந்தது.

கருமுகி உச்சிக் கிளைவரை ஏறிப் பார்த்தாள். புல்வெளி முழுவதும் தெரிந்தது. பாறைகள் தெரிந்தன, மருத மரத்திலிருந்து தெரியாத பாறை முதுகுகள்கூடத் தெரிந்தன.

"முன்னைவிட நன்றாகத் தெரிகிறது" என்றாள்.

"முன்னைவிட நன்றாக இனிக்கவும் இனிக்கிறது" என்றான் கடுவன்.

மான்களும் மகிழ்ந்தன. மேலே இருந்து கொழுந்துக்குப் பதில் பழம் விழுந்தால் யாருக்குத்தான் மகிழ்ச்சி இருக்காது?

வெயில் ஏறிய ஒரு முற்பகலில் சிறுத்தை வந்தது.

அது பாறையிலிருந்து இறங்குமுன்பே கருமுகி பார்த்துவிட்டாள். அவ்வளவு சீக்கிரம் அவள் அதை என்றுமே பார்த்ததில்லை. "கஃக்! கஃக்!" என்று கத்தினாள்.

மான்கள் எல்லாம் ஒரே சமயத்தில் தலை தூக்கின. காதுகள் எல்லாம் அத்தி மரத்துப் பக்கம் திரும்பின. பிறகு, குட்டியில் கற்றதை மறக்காமல், குரலுக்கு முதுகைக் காட்டிப் பாய்ந்தன.

நேராகப் பாறையை நோக்கி.

சிறுத்தையே திகைத்துப் போனது. பதுங்கியிருந்த இடத்தைவிட்டு அது எழுந்திருக்கக்கூடத் தேவைப்படவில்லை. முன்னால் ஓடி வந்த ஓர் இளம் ஆண்மான் அதன் கால் மேலேயே வந்து விழுந்தது.

மான்கள் மாலையில் அத்தி மரத்தடிக்கு வந்தன. வளைகொம்பன் முன்னால் வந்தான். அவன்தான் கூட்டத்தின் தலைவன். கொம்பும் பெரிது, குரலும் பெரிது. தான் சொன்னது தவறு என்று அவன் வாழ்நாளில் ஒருமுறைகூட நினைத்ததில்லை.

"என்ன அக்காளே, பழம் தின்ற மயக்கமா? நீங்கள் கத்துவதற்குள் சிறுத்தை வாயைத் துடைத்துக்கொண்டு போய்விட்டதே!"

"தாமதமாகவா கத்தினேன்?" என்றாள் கருமுகி. அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"பின்னே? சீக்கிரம் கத்தியிருந்தால் நாங்கள் ஏன் அதன் வாயில் போய் விழுகிறோம்?"

அடுத்த முறை இன்னும் சீக்கிரம் கத்துவேன், இன்னும் உரக்கக் கத்துவேன் என்று சொன்னாள்.

அடுத்த முறை அப்படியே செய்தாள். புதரில் ஓர் இலை அசைந்ததுமே தொண்டை கிழியக் கத்தினாள். குரல் எவ்வளவு உரக்க வந்ததோ, மான்கள் அவ்வளவு வேகமாக அதற்கு முதுகைக் காட்டின. எவ்வளவு வேகமாக முதுகைக் காட்டினவோ, அவ்வளவு சீக்கிரம் பாறையைப் போய்ச் சேர்ந்தன. அன்றைக்கு ஒரு பெண்மான் போயிற்று.

மறுநாள் உச்சி வெயிலில், மான்கள் நிழல் தேடிப் போயிருந்த நேரத்தில், சிறுத்தை ஆற அமரப் புல்வெளியைக் கடந்து அத்தி மரத்தடிக்கு வந்து உட்கார்ந்தது. கடுவனும் மற்ற மந்திகளும் உச்சிக்கு ஓடினார்கள்.

"பயப்படாதீர்கள், பயப்படாதீர்கள். வயிறு நிறைந்திருக்கிறது" என்றது சிறுத்தை. "கருமுகியம்மா எங்கே? ஒரு வார்த்தை நன்றி சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன்."

"எதற்கு நன்றி?" என்று மேலிருந்து கேட்டாள் கருமுகி.

"நல்ல கேள்வி. ஊரில் மாட்டை ஓட்டிக்கொண்டு வருவதற்கு ஆள் வைத்திருப்பார்களாம். எனக்கும் ஆள் கிடைத்துவிட்டது. கூலி இல்லை, சோறு இல்லை. தொண்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள் அம்மா. நேற்று கொஞ்சம் கரகரப்பாக இருந்தது."

சொல்லிவிட்டு, வந்ததுபோலவே மெல்ல நடந்து போய்விட்டது.

தன் குரல்தான் மான்களைக் கொல்கிறது என்று கருமுகிக்கு இப்போது புரிந்தது. எப்படிக் கொல்கிறது என்று மட்டும் புரியவில்லை. கையில் இருந்த பழத்தைக் கடிக்கவும் தோன்றவில்லை, போடவும் தோன்றவில்லை.

அடுத்த முறை சிறுத்தை இறங்கியபோது அவள் கத்தவில்லை. வாயைப் பொத்திக்கொண்டாள்.

சிறுத்தை புல்லுக்குள் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு வந்தது. மான்கள் மேய்ந்துகொண்டேயிருந்தன. கூட்டத்தின் ஓரத்தில் மேய்ந்த கிழமான் தலை தூக்கிப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கத்தினாலும் சாவு, கத்தாவிட்டாலும் சாவு.

வளைகொம்பன் மரத்தடிக்கு வந்தபோது இந்த முறை கிண்டல் செய்யவில்லை.

"பார்த்தாயா?" என்று கேட்டான். மரியாதை போய்விட்டது.

"பார்த்தேன்."

"பார்த்துவிட்டுச் சும்மா இருந்தாய்."

"ஆமாம்."

"சிறுத்தை உன் மரத்தடியில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனதை மைனா பார்த்திருக்கிறது. உறவு எல்லாம் பலமாகத்தான் இருக்கிறது போலிருக்கிறது!" அவன் கொம்பை ஒரு சிலுப்புச் சிலுப்பினான். "நாளைக் காலையில் நாங்கள் கீழ்வெளிக்குப் போகிறோம். அங்கே மரமும் இல்லை, மந்தியும் இல்லை. எங்களை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்."

மான்கள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயின. கீழ்வெளியில் புல் ஆள் உயரம் வளர்ந்திருக்கும். சிறுத்தை நிமிர்ந்து நடந்தாலும் வெளியே தெரியாது. காவல் இல்லாமல் அங்கே மேய்ந்தால் அடுத்த மழைக்கு முன்பே கூட்டம் கரைந்துவிடும் என்று கருமுகிக்குத் தெரியும். சொல்லலாம். யார் கேட்பார்கள்?

ஒரே ஒரு பெண்மான் மட்டும் போகவில்லை. அவள் பெயர் செவலி. எதற்கும் பரபரக்காதவள். அதனால் மற்ற மான்கள் அவளை மந்தம் என்று சொல்லிச் சிரிக்கும். அவளுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி நின்றது. பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. நிற்கும்போதே கால்கள் நடுங்கின.

"அக்கா, ஒன்று சொல்லட்டுமா?"

"நீயும் திட்டிவிட்டுப் போ, செவலி."

"திட்ட வரவில்லை. அந்தப் பெண்மான் போன அன்றைக்கு நான் ஓடவில்லை அக்கா. இவன் வயிற்றில் இருந்தான், பிரசவ நேரம், என்னால் ஓட முடியவில்லை. நின்ற இடத்திலேயே நின்றேன். எல்லாரும் போன பிறகு உன்னை நிமிர்ந்து பார்த்தேன். அதற்கு முன்பு எங்களில் யாரும் நீ கத்தும்போது உன் முகத்தைப் பார்த்ததில்லை. எப்போதும் முதுகைத்தானே காட்டுகிறோம்."

"சரி, என் முகத்தில் என்ன இருந்தது?"

"உன் குரல் இங்கே இருந்து வந்தது. உன் கண் அங்கே பாறையில் இருந்தது."

கருமுகி கிளையிலிருந்து கீழ்க்கிளைக்கு இறங்கினாள். அங்கிருந்து இன்னொரு கிளைக்கு இறங்கினாள்.

"இன்னொரு தரம் சொல்லு."

"மருத மரத்தில் நீ இருந்தபோது உன் குரலும் சிறுத்தையும் ஒரே பக்கம். குரலுக்கு முதுகைக் காட்டினால் சிறுத்தைக்கும் முதுகைக் காட்டினதாக ஆகிவிடும். இப்போது நீ ஒரு பக்கம், அது ஒரு பக்கம். நாங்கள் உனக்கு முதுகைக் காட்டிவிட்டு அதற்கு முகத்தைக் காட்டுகிறோம்."

காற்றில் ஒரு பழம் உதிர்ந்து ஓடையில் விழுந்தது.

"அவ்வளவுதானா!" என்றாள் கருமுகி. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "இவ்வளவுதானா செவலி? அப்படியென்றால் எல்லாரிடமும் சொல்லிவிடலாமே. அத்தி மரத்திலிருந்து குரல் வந்தால் அத்தி மரத்தை நோக்கி ஓடி வாருங்கள் என்று!"

"சொல்லிப் பார்த்தேன். வளைகொம்பன் சிரிக்கிறார். 'குரலை நோக்கி ஓடுவதா? நாளைக்குத் தீயை நோக்கி ஓடச் சொல்லுவாய்' என்கிறார்."

"நீயாவது ஓடி வருவாய் அல்லவா?"

"வருவேன் அக்கா. எனக்குத்தான் தெரியுமே."

"பார்த்துவிடுவோம்" என்றாள் கருமுகி. "போய்ப் புல்லைக் கடி. எப்போது கத்துவேன் என்று சொல்லமாட்டேன்."

செவலி புல்வெளிக்குப் போய்த் தலையைக் குனிந்தாள். கருமுகி அவளை மறந்ததுபோல் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திடீரென்று, "கஃக்!"

செவலியின் கால்கள் பாறைப் பக்கம் பாய்ந்தன. இரண்டு தாவல் தாவிய பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது. நின்றாள். திரும்பினாள். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மரத்தடிக்கு வந்தாள்.

"தெரிந்தும் ஓடினேன் அக்கா."

"இன்னொரு தரம் பார்ப்போம்."

இன்னொரு தரமும் அப்படியேதான். மீண்டும் பார்த்தார்கள். இப்போது தாவல் குறைந்தது. ஆனாலும் முதல் அசைவு பாறைப் பக்கம்தான். காது முதலில் குரல் வந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. குரல் என்ன சொல்கிறது என்று யோசிப்பதற்குள் கால் கிளம்பிவிடுகிறது. அந்தச் சின்ன இடைவெளி சிறுத்தைக்குப் போதும்.

"எனக்கே இப்படி என்றால் மற்றவர்களுக்கு?" என்றாள் செவலி. குட்டி அவள் மடியைத் தேடி முட்டியது. "கால் நான் சொல்வதைக் கேட்க மாட்டேன் என்கிறது. உன் குரல் அந்தப் பக்கத்திலிருந்து வந்தால் நாங்கள் கற்றுக்கொள்ள ஒன்றுமே இல்லை."

இரண்டு பேரும் எதிர்ப்பக்கம் பார்த்தார்கள். பாறை ஓரத்தில் வேல மரம் தனியாக நின்றது. சிறுத்தை நினைத்தால் ஒரே பாய்ச்சலில் அதன் முதல் கிளையைத் தொட்டுவிடும். நிழல் இல்லை, கனி இல்லை. உட்கார்ந்தால் முள் குத்தும்.

"அங்கே போ என்று நான் கேட்கவில்லை அக்கா" என்றாள் செவலி மெதுவாக. "கேட்க எனக்கு வாய் இல்லை." பிறகு குட்டியை நக்கிக்கொடுத்து அழைத்துக்கொண்டு போனாள்.

கருமுகி கடுவனிடம் சொன்னாள். கடுவன் பழத்தை மெல்லுவதை நிறுத்தவில்லை.

"வேல மரமா? உனக்குப் புத்தி பிசகிவிட்டதா? அங்கே நீ காவல் இருக்கப் போவதில்லை. சிறுத்தைக்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாயாக இருக்கப் போகிறாய். மான்கள்தான் நாளைக்குப் போகின்றனவே, போகட்டும். நம் வேலை மரத்தில் இருப்பது."

"அதுகள் அழிந்துபோகும்."

"காடு என்றால் அப்படித்தான். இந்தா, இது நல்ல பழம்."

அவள் வாங்கிக்கொண்டாள். இனிப்பாகத்தான் இருந்தது. வேல மரத்தை நினைத்தபோது அவளுக்குப் பயமாக இருந்தது. அதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை. போகவேண்டிய இடம் தெரிந்துவிட்டது. போகத்தான் கால் வரவில்லை. மான்களின் காலை மட்டும் குறை சொல்லி என்ன பயன் என்று நினைத்துக்கொண்டாள்.

விடிந்தது. பனி மெல்ல விலகிக்கொண்டிருந்தது. மான்கள் கீழ்வெளிக்குப் புறப்படும் முன் கடைசியாக ஒருமுறை புல்வெளியில் மேய வந்தன. செவலியின் குட்டி தாயின் நிழலை மிதித்து விளையாடிக்கொண்டிருந்தது. தன் நிழல் தன் காலோடு வருவதை அன்றுதான் அது கண்டுபிடித்திருந்தது போலும். நின்றது, குதித்தது, மறுபடி நின்று பார்த்தது. விளையாட்டு விளையாட்டாகக் கூட்டத்தை விட்டு விலகிப் பாறைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

பாறைக்கும் குட்டிக்கும் நடுவில், வேல மரத்தடிப் புல்லில், மஞ்சளாக ஏதோ அசைந்தது.

கருமுகியின் தொண்டைக்குக் குரல் தானாக வந்துவிட்டது. எத்தனை கால வழக்கம்! வாயைத் திறந்தும்விட்டாள். அந்தக் கணத்தில் கீழே நடக்கப்போவது முழுவதும் அவள் கண்முன் வந்து நின்றது: காதுகள் இந்தப் பக்கம் திரும்பும், முதுகுகள் திரும்பும், எல்லாம் ஓடும், முன்னால் அந்தக் குட்டி.

குரலை விழுங்கினாள். கீழே குதித்தாள்.

"ஏய்! எங்கே போகிறாய்?" என்று கடுவன் மேலிருந்து கத்தினான்.

தரையில் மந்திக்கு மரத்தில் இருக்கும் வேகம் இல்லை. புல் நனைந்து வழுக்கியது. மான்களின் நடுவே, கால்களுக்கு இடையே புகுந்து ஓடினாள்.

"அட, கருமுகி தரையில் நடக்கிறாளே!" என்றான் வளைகொம்பன். "வழியனுப்ப வருகிறாயா, மன்னிப்புக் கேட்க வருகிறாயா?"

அவள் நிற்கவில்லை. செவலி மட்டும் அவள் போகும் திசையைப் பார்த்தாள். அவள் கண் போன இடத்தைப் பார்த்தாள். வாயில் இருந்த புல்லைக் கீழே போட்டாள்.

கருமுகி குட்டியைத் தாண்டினாள். சிறுத்தைக்கு ஒரு தாவல் தூரத்தில் வளைந்து, வேல மரத்தில் பாய்ந்து ஏறினாள். முட்கள் உள்ளங்கையில் ஏறின. முதல் கிளைக்கு மேல் போக நேரமில்லை. அங்கேயே, சிறுத்தையின் தலைக்கு நேர் மேலே நின்று, இரண்டு முறை விழுங்கி வைத்திருந்த குரலையும் சேர்த்துக் கத்தினாள்.

"கஃக்! கஃக்! கஃக்!"

காதுகள் எல்லாம் வேல மரத்துப் பக்கம் திரும்பின. முதுகுகள் எல்லாம் திரும்பின. மான்கள் ஓடையை நோக்கிப் பாய்ந்தன. யோசிக்க ஒன்றுமில்லை, கால்களுக்கு அது பழகிய வழி. குட்டிகூட, தாய் சொல்லிக்கொடுத்த ஒரே பாடத்தை மறக்காமல், குரலுக்குத் தன் சின்ன முதுகைக் காட்டிக்கொண்டு ஓடியது. ஓடைக் கரையில் ஒருமுறை முட்டி மடங்கி விழுந்தது. செவலி முகத்தால் நெட்டித் தள்ளினாள். மூங்கில் அவர்களை மூடிக்கொண்டது.

சிறுத்தை பாய்வதற்கு எழுந்தது. பாய்வதற்கு ஒன்றும் இல்லை. மெதுவாகத் தலையைத் தூக்கி மரத்தைப் பார்த்தது.

"இடத்தை மாற்றிவிட்டாயே" என்றது.

"ஆமாம்" என்றாள் கருமுகி. "குரல் அதேதான்."

சிறுத்தை பாய்ந்தது. அவள் மேலே தாவினாள். அதன் நகம் அவள் வாலைப் பிடித்தது. வாலில் பாதி அதன் கையோடு போயிற்று. முள் சிறுத்தையின் முகத்திலும் ஏறியது. அது சீறிக்கொண்டு கீழே விழுந்து, முகத்தைப் புல்லில் தேய்த்துக்கொண்டே பாறைக்குள் போய்விட்டது.

வெயில் ஏறியதும் மான்கள் ஓடை தாண்டித் திரும்பி வந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. வளைகொம்பன் நெஞ்சை நிமிர்த்தி முன்னால் வந்தான்.

"பார்த்தீர்களா? குரலுக்கு முதுகைக் காட்டினோம், பிழைத்தோம்! நம் சட்டத்தில் ஒரு குறையும் கிடையாது. நான் எப்போதும் என்ன சொன்னேன்?"

"இதைத்தான் சொன்னீர்கள்" என்றன மற்ற மான்கள்.

"மந்திக்கும் ஒருவழியாகப் புத்தி வந்துவிட்டது" என்று அவன் பெருந்தன்மையோடு சொன்னான். "கீழ்வெளிக்குப் போவதை நிறுத்திவைக்கிறேன். இங்கேயே மேயலாம்."

எல்லாரும் மேயத் தொடங்கியதும் செவலி குட்டியை அழைத்துக்கொண்டு வேல மரத்தடிக்குப் போனாள். கருமுகி மிஞ்சிய பாதி வாலை மடியில் வைத்து நக்கிக்கொண்டிருந்தாள். உள்ளங்கையில் இன்னும் முள் இருந்தது.

"வலிக்கிறதா அக்கா?"

"வலிக்கிறது."

"அத்தி மரத்துக்குத் திரும்பிப் போகப் போகிறாயா?"

கருமுகி புல்வெளியைத் தாண்டி அந்தப் பக்கம் பார்த்தாள். கடுவன் ஒரு கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வா வா என்று ஆட்டிக்காட்டிக்கொண்டிருந்தான். பழங்கள் வெயிலில் சிவந்து தெரிந்தன.

"அங்கே இருந்து நன்றாகத் தெரியும். ஆனால் உங்களுக்கு நான் அங்கே இருந்து பயனில்லை" என்றாள். பிறகு கொஞ்சம் மேலே ஏறி, முள் குறைந்த, கிளை பிரியும் ஒரு கவையாகப் பார்த்து உட்கார்ந்தாள். கைக்கு எட்டிய வேலங்காய்களைப் பறித்துக் கீழே போட்டாள். "இந்தா, குட்டிக்குக் கொடு. இதைவிட நல்லதாக இங்கே ஒன்றும் இல்லை."

குட்டி முகர்ந்து பார்த்தது. கடித்தது. பிடித்திருந்தது போலும், இன்னும் விழுமா என்று தலையைத் தூக்கி, மேலே இருந்தவளின் முகத்தை நேராகப் பார்த்தது.

கருமுகியின் வால் பிறகு வளரவில்லை. அவள் அத்தி மரத்துக்குத் திரும்பவில்லை. அந்த வேல மரத்திலேயே காவல் இருந்து, ஒரு மழைக்காலத்தில் அங்கேயே இறந்துபோனாள்.

நீதி: எச்சரிக்கும் சொல் சரியாக இருந்தால் மட்டும் போதாது, அதைச் சொல்ல நிற்கும் இடமும் சரியாக இருக்க வேண்டும்.